கிராப்ஸ் மேசையில் காசை எங்கே வைப்பது? தாயக்கட்டைப் பந்தயத்துக்கு ஓர் அறிமுகம்

யாழ்ப்பாணத்தில் கசினோ கிடையாது. கசினோக் கதைகளுக்கு மட்டும் குறைவில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கென்று ரொறன்ரோவிலிருந்து வந்து இறங்கும் மச்சான்மாரில் யாராவது ஒருவர், முற்றத்தில் கதிரை போட்டு இருந்ததுமே நயாகராவில் தாயக்கட்டை உருட்டி அள்ளிய காசைப் பற்றித் தொடங்கிவிடுவார். அள்ளியதுதான் கதையில் வரும், விட்டது வராது. கூடவே ஒரு 'முறை'யும் சொல்லித் தருவார். தோற்றால் இரட்டிப்பாக வை, ஏழு தவிர எல்லா எண்ணிலும் வை, தொடர்ந்து வென்றுகொண்டிருக்கும் 'சூடான' மேசை பார்த்துப் போய் நில், இப்படி ஏதாவது ஒன்று.

இவற்றில் எது கணக்குக்கு நிற்கும், எது நிற்காது என்று பார்ப்போம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிராப்ஸில், அதாவது இந்த இரட்டைத் தாயக்கட்டைப் பந்தயத்தில், நீண்ட ஓட்டத்தில் கசினோவை வெல்லும் பந்தய முறை எதுவும் இல்லை. ஆனால் அந்த ஒரே மேசையில், வைக்கும் 100 டொலருக்குச் சராசரியாக 1 டொலர் 40 சதம் பிடுங்கும் பந்தயமும் இருக்கிறது, 16 டொலருக்கு மேல் பிடுங்கும் பந்தயமும் இருக்கிறது. எது எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்து வைப்பது ஒன்றைத்தான் உத்தி என்று சொல்லலாம்.

36 கட்டங்கள்

சாதாரண தரத்துக்கு நிகழ்தகவு படித்தவர்களுக்கு நெய்யரி ஞாபகம் இருக்கும். கோடாத இரண்டு தாயக்கட்டைகள். ஒன்றின் 1 முதல் 6 வரை கிடையாக, மற்றதன் 1 முதல் 6 வரை நிலைக்குத்தாக. மொத்தம் 36 பேறுகள், எல்லாவற்றுக்கும் ஒரே வாய்ப்பு. "இது படித்து என்னத்துக்கு, சேர்?" என்று கேட்காத வகுப்பு இல்லை. கிராப்ஸ் முழுவதும் அந்த நெய்யரிக்குள்தான் இருக்கிறது.

இரண்டு கட்டைகளின் கூட்டுத்தொகையைப் பாருங்கள். 7 வருவதற்கு 6 வழிகள் உண்டு. 6க்கும் 8க்கும் 5 வழிகள். 5க்கும் 9க்கும் 4. 4க்கும் 10க்கும் 3. 3க்கும் 11க்கும் 2. 2க்கும் 12க்கும் ஒவ்வொன்று. இந்த வரியை மனதில் வைத்திருந்தால் மிச்சம் எல்லாம் கூட்டல் கழித்தல்தான்.

விளையாட்டு இப்படிப் போகும். பெரிய நீள மேசை, சுற்றிவர ஆட்கள். ஒருவர் உருட்டுவார், மற்றவர்கள் அவருடைய உருட்டுக்குப் பந்தயம் கட்டுவார்கள். அடிப்படையான பந்தயத்துக்குப் பாஸ் லைன் என்று பெயர். முதல் உருட்டில் 7 அல்லது 11 வந்தால் பாஸ் லைனில் வைத்தவருக்கு வெற்றி, வைத்த அளவு காசு கிடைக்கும். 2, 3, 12 வந்தால் தோல்வி. மற்ற எண்களில் (4, 5, 6, 8, 9, 10) ஒன்று வந்தால் அது 'பொயின்ற்' ஆகிவிடும். அதன்பிறகு அந்தப் பொயின்ற் மறுபடி வரும்வரை, அல்லது 7 வரும்வரை, உருட்டிக்கொண்டே இருப்பார்கள். பொயின்ற் முந்தினால் வெற்றி, 7 முந்தினால் தோல்வி. முதல் உருட்டில் கொண்டாடப்பட்ட அதே 7, பொயின்ற் விழுந்த பிறகு எல்லாருடைய காசையும் வழித்துக்கொண்டு போகும். புதிதாகப் பார்ப்பவருக்குத் தலை சுற்றுவது இந்த இடத்தில்தான்.

இப்போது கணக்கு. பின்னம் வராமல் இருக்க 1980 ஆட்டங்கள் ஆடியதாக வைத்துக்கொள்வோம். எல்லாம் சராசரிப்படியே நடக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். முதல் உருட்டிலேயே 440 ஆட்டம் வெற்றி, 220 ஆட்டம் தோல்வி. மிச்சம் 1320 ஆட்டங்களில் பொயின்ற் விழும். 4 பொயின்றாக விழுவது 165 தடவை. 4க்கு 3 வழி, 7க்கு 6 வழி. ஆகவே மூன்றில் ஒரு தடவைதான் 4 முந்தும், அதாவது 55 வெற்றி. 10க்கும் அதே 55. 5 பொயின்றாக விழுவது 220 தடவை, பத்தில் நாலு வெற்றி, 88. 9க்கும் 88. 6 விழுவது 275 தடவை, பதினொன்றில் ஐந்து வெற்றி, 125. 8க்கும் 125.

கூட்டிப் பாருங்கள். வெற்றி 976, தோல்வி 1004. வித்தியாசம் 28. அந்த 28ஐ 1980ஆல் பிரித்தால் 1.41 வீதம். பாஸ் லைனில் கசினோவின் பங்கு இவ்வளவுதான். 10 டொலர் வைத்தால் சராசரியாக 14 சதம் போகும். கசினோ விளையாட்டுகளுக்குள் இது உண்மையிலேயே மலிவு. இரண்டு பூச்சியம் உள்ள ரூலெட் சக்கரத்தில் 5.26 வீதம் போகிறது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கமாக டோன்ட் பாஸ் என்று ஒன்று இருக்கிறது. உருட்டுபவர் தோற்றால் உங்களுக்கு வெற்றி. முதல் உருட்டில் 12 வந்தால் மட்டும் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை; அந்த ஒரு விதியால்தான் கசினோ தன் பங்கைக் காப்பாற்றிக்கொள்கிறது. பங்கு 1.36 வீதம், பாஸ் லைனை விட ஒரு மயிரிழை குறைவு. ஆனால் மேசை முழுதும் "ஓ" என்று துக்கப்படும்போது நீங்கள் மட்டும் காசு எடுக்க வேண்டியிருக்கும். 10 டொலருக்கு அரைச் சதத்தை மிச்சம் பிடிக்க இந்த முறைப்புகளை எல்லாம் தாங்க வேண்டுமா என்பது அவரவர் முகத்தின் கனதியைப் பொறுத்தது.

ஒட்ஸ்: கசினோவுக்குப் பங்கே இல்லாத பந்தயம்

பொயின்ற் விழுந்த பிறகு, பாஸ் லைனில் இருக்கும் உங்கள் சிப்புகளுக்கு (காசுக்குப் பதிலாக வைக்கும் வில்லைகளுக்கு) பின்னால் இன்னொரு பந்தயம் வைக்கலாம். ஒட்ஸ் என்பார்கள். பெரும்பாலான மேசைத் துணிகளில் இதற்கென்று கட்டமும் இருக்காது, எழுத்தும் இருக்காது. கசினோவுக்கு இதில் ஒரு சதம்கூட மிஞ்சாது என்பதால் விளம்பரப்படுத்துவதற்கு அவர்களுக்கு என்ன தேவை?

பொயின்ற் 4 அல்லது 10 என்றால் ஒட்ஸுக்கு ஒன்றுக்கு இரண்டு கிடைக்கும். 5 அல்லது 9 என்றால் இரண்டுக்கு மூன்று. 6 அல்லது 8 என்றால் ஐந்துக்கு ஆறு. மேலே சொன்ன வழிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: 4க்கு 3 வழி, 7க்கு 6 வழி, கொடுப்பதும் சரியாக இரட்டிப்பு. 6க்கு 5 வழி, 7க்கு 6 வழி, கொடுப்பதும் ஐந்துக்கு ஆறு. நியாயவிலை. ஆகவே 6, 8க்கு ஐந்தின் மடங்கிலும், 5, 9க்கு இரண்டின் மடங்கிலும் ஒட்ஸ் வைக்க வேண்டும். மடங்கு பிழைத்தால் மிச்சச் சில்லறையைக் கசினோ கீழ்நோக்கி முழுதாக்கிவிடும், நியாயவிலையும் போய்விடும்.

எவ்வளவு வைக்கலாம் என்பது மேசைக்கு மேசை மாறும். பரவலாக உள்ளது 3-4-5 என்ற ஒழுங்கு: 4, 10க்குப் பாஸ் லைன் காசின் மூன்று மடங்கு, 5, 9க்கு நாலு மடங்கு, 6, 8க்கு ஐந்து மடங்கு. இதில் ஒரு கெட்டித்தனம் இருக்கிறது. முழு அளவும் வைத்திருந்தால் எந்தப் பொயின்ற் வந்தாலும் ஒட்ஸுக்குக் கிடைப்பது பாஸ் லைன் காசின் ஆறு மடங்குதான். மூன்று தரம் இரண்டு, நாலு தரம் ஒன்றரை, ஐந்து தரம் ஒன்று தசம் இரண்டு. மேசையில் நிற்கும் ஊழியருக்குக் கணக்கு இலகு.

யூரியூப்பில் பலர் சொல்வார்கள், இப்படி 3-4-5 ஒட்ஸ் வைத்தால் கசினோவின் பங்கு 0.37 வீதமாகக் குறைந்துவிடும் என்று. கணக்கு சரிதான், விளங்கிக்கொள்வதில்தான் பிழை. பாஸ் லைனில் 10 டொலர் வைத்தவருடைய சராசரி இழப்பு 14 சதம். பின்னால் 50 டொலர் ஒட்ஸ் வைத்தாலும் அதே 14 சதம், வைக்காவிட்டாலும் அதே 14 சதம். மொத்தப் பந்தயம் பெருத்ததால் வீதம் சிறுத்துத் தெரிகிறது, அவ்வளவுதான். ஒட்ஸ் உங்கள் இழப்பைக் குறைக்காது.

அப்படியென்றால் ஒட்ஸால் பிரயோசனம் இல்லையா? இருக்கிறது. ஓர் ஆட்டத்துக்கு எப்படியும் 60 டொலர் வரை இறக்கத்தான் போகிறேன் என்று நிற்பவர் 60ஐயும் பாஸ் லைனில் வைத்தால் சராசரி இழப்பு 85 சதம். மேசையின் ஆகக்குறைந்த அளவான 10ஐ மட்டும் பாஸ் லைனில் வைத்து, மிச்சத்தை ஒட்ஸுக்கென்று ஒதுக்கினால் 14 சதம். ஆகவே பாஸ் லைனில் குறைவாக வை, கூட்டி வைக்க ஆசை இருந்தால் ஒட்ஸில் கூட்டு. கிராப்ஸ் உத்தியில் எனக்கு முழு மனதோடு ஒத்துக்கொள்ளக்கூடிய ஒரே வாக்கியம் இதுதான். ஏற்ற இறக்கம் பெரிதாக இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு 7 விழுந்தால் 60உம் ஒரே மூச்சில் போகும். கையில் 100 டொலரோடு போனவருக்கு இது சரிவராது.

மிச்ச மேசை

பாஸ் லைனுக்கும் ஒட்ஸுக்கும் அடுத்தபடி தாங்கக்கூடியது 6இலோ 8இலோ வைக்கும் பிளேஸ் பந்தயம். 7 வருமுன் அந்த எண் வந்தால் ஆறுக்கு ஏழு கிடைக்கும். 12 டொலர் வைத்தால் 14. பதினொரு தடவையில் ஐந்து தடவை 14 வரும், ஆறு தடவை 12 போகும். 70 வரவு, 72 செலவு. பங்கு 1.52 வீதம். ஆறின் மடங்கில் வைக்க வேண்டும். இதையே 5, 9இல் வைத்தால் 4 வீதம், 4, 10இல் வைத்தால் 6.67 வீதம். ஒரே பெயர், ஒரே வரிசை, பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள். விலை மட்டும் நாலு மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது.

இதைவிட வேடிக்கை, சில மேசைகளின் மூலையில் பெரிய எழுத்தில் 'பிக் 6', 'பிக் 8' என்று போட்டிருப்பது. பிளேஸ் 6 எதுவோ அதுவேதான் பிக் 6, வெல்வதும் தோற்பதும் ஒரே விதம். ஆனால் ஆறுக்கு ஏழு தராமல், வைத்ததற்குச் சரிசமமாக மட்டும் தருவார்கள். 9.09 வீதம். எழுத்து பெரிதாக இருப்பதன் காரணம் விளங்கியிருக்கும்.

மேசையின் நடுவில் இருக்கும் பந்தயங்களை நான் கிட்டவும் அண்டவிடமாட்டேன். அடுத்த உருட்டில் 7 வரும் என்று வைத்தால் ஒன்றுக்கு நாலு தருவார்கள். ஆறில் ஒரு வாய்ப்பு உள்ளதற்கு நியாயமாக ஐந்து தர வேண்டும். பங்கு 16.67 வீதம். 2 அல்லது 12க்கு ஒன்றுக்கு முப்பது என்று கேட்க வாய் ஊறும், நியாயம் முப்பத்தைந்து. அங்கே 13.89 வீதம். 4+4 போல இரட்டையாக விழ வேண்டும் என்று வைக்கும் ஹார்ட்வேயில் 9 முதல் 11 வீதம். மேசையில் சத்தமும் சிரிப்பும் ஆக அதிகமாக இருப்பது இந்த நடுப்பகுதியில்தான்.

முறை, முறை என்கிறார்களே

முதலாவது, இரட்டிப்பு முறை. 10 வை, தோற்றால் 20, பிறகு 40, 80, 160, 320, 640. எப்போதாவது ஒருக்கா வெல்லத்தானே வேண்டும், வென்றால் விட்டதெல்லாம் வந்து மேலே 10 டொலர் இலாபம். கேட்கக் குறையே தெரியாது. ஆனால் தொடர்ந்து ஏழு தோல்வி என்றால் போனது 1270 டொலர், அடுத்து வைக்க வேண்டியது 1280. அந்த இடத்தில் மேசையின் உச்ச வரம்பு குறுக்கே வரும், இல்லையேல் பேர்ஸ் காலியாகும். பாஸ் லைனில் தொடர்ந்து ஏழு தோல்வி வருவது ஏறக்குறைய 116இல் ஒரு தடவை. அதாவது 115 தடவை பத்துப் பத்தாக 1150 டொலர் சேர்ப்பீர்கள், ஒரு தடவை 1270 விடுவீர்கள். மச்சான் முற்றத்தில் இருந்து சொல்வது அந்த 115 தடவையின் கதை.

இரண்டாவது, '7 தவிர எல்லாவற்றிலும் வெல்லும்' முறை. ஆங்கிலத்தில் இதற்கு இரும்புச் சிலுவை என்ற பொருளில் ஒரு பெயர் இருக்கிறது. 5இல் 5 டொலர், 6இலும் 8இலும் ஆறு ஆறு டொலர் பிளேஸ், ஃபீல்ட் என்ற கட்டத்தில் 5 டொலர். மொத்தம் 22. ஃபீல்டில் 2, 3, 4, 9, 10, 11, 12 வந்தால் காசு. பிளேஸில் 5, 6, 8 வந்தால் காசு. உண்மைதான், 36இல் 30 உருட்டுக்குக் கை நிறையும். அந்த 30இல் மொத்தமாக எவ்வளவு வருகிறது? ஃபீல்ட் எண்கள் விழும்போது, 2க்கும் 12க்கும் இரட்டிப்பு என்ற கணக்கில், எல்லாம் சேர்த்து 90 டொலர். 5, 6, 8 விழும்போது பிளேஸ் 7 தரும், ஆனால் ஃபீல்டின் 5 போகும், மிஞ்சுவது 2. அப்படி 14 உருட்டில் 28. ஆக 118. மிச்சம் ஆறு உருட்டில் 7 விழும், ஒவ்வொன்றுக்கும் 22, ஆக 132. முப்பது தரம் சிரித்து, ஆறு தரம் பேச்சில்லாமல் நின்று, கடைசியில் 14 டொலர் நட்டம்.

நட்டமான பந்தயங்கள் எத்தனையைச் சேர்த்துக் கட்டினாலும் மொத்தம் நட்டம்தான். சேர்க்கும் ஒழுங்கை மாற்றினால் அடிக்கடி சிறிதாக வென்று ஒரே தடவையில் பெரிதாகத் தோற்கலாம், அல்லது அடிக்கடி சிறிதாகத் தோற்று எப்போதாவது பெரிதாக வெல்லலாம். மாற்றக்கூடியது அந்த வடிவத்தை மட்டும்தான்.

மூன்றாவது, சூடான மேசை. இங்கே 304 என்ற கடதாசி விளையாட்டை ஆடிப் பழகியவர்கள் அவதானமாக இருக்க வேண்டும். 304இல் எந்தக் கடதாசி இறங்கிவிட்டது என்று ஞாபகம் வைத்திருப்பவன் கெட்டிக்காரன். இறங்கிய கடதாசி அந்தக் கைக்குள் மறுபடி வராது. தாயக்கட்டைக்கு அந்த ஞாபகம் இல்லை. இருபது உருட்டாக 7 விழவில்லை என்பதால் இருபத்தோராவதில் 7 விழும் வாய்ப்பு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதே ஆறில் ஒன்று. 2009ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் அத்லாந்திக் சிற்றியில், பொர்காட்டா கசினோவில், ஒரு பெண் 154 தடவை உருட்டிய பிறகே 7 பொயின்றை முந்தித் தாயக்கட்டை கைமாறியது. நாலு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. சராசரியாக ஒருவருக்குக் கிடைப்பது எட்டரை உருட்டு. அன்று அந்த மேசை சூடாக இருந்தது என்று மறுநாள் சொல்லலாம். நூறாவது உருட்டில் நின்றுகொண்டு நூற்றியோராவதைச் சொல்ல யாராலும் முடியாது.

கட்டையைப் பிடிக்கும் விதத்தால் எண்ணைக் கட்டுப்படுத்தலாம் என்று வகுப்பு நடத்திக் காசு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். கட்டைகள் மேசையின் மறுகோடிச் சுவரில் பட்டுத் திரும்ப வேண்டும் என்று கசினோ விதி வைத்து, அந்தச் சுவருக்குக் கூம்பு கூம்பான இறப்பர் அடித்திருப்பது எதற்காக என்று அவர்களிடம் கேளுங்கள். சகுனியின் காய்க்கு அந்த மேசையில் வேலை இல்லை.

கைத்தொலைபேசிக் கசினோக்களைப் பற்றியும் ஒரு சொல். திரையில் உருளுவது தாயக்கட்டை இல்லை, ஒரு நிரல். அது கோடாததா என்று பார்க்க உங்களுக்கு வழி கிடையாது. அது நேர்மையாகவே இருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு: வேகம். மேசையில் ஆட்கள் பந்தயம் வைத்து, ஊழியர் காசு கொடுத்து, அடுத்தவர் கட்டை தெரிந்தெடுத்து உருட்டும் நேரத்துக்குள், திரையில் எத்தனையோ ஆட்டம் முடிந்துவிடும். 14 சதம் சிறிய தொகைதான், அதை எத்தனை தடவை கொடுக்கிறீர்கள் என்பதில்தான் விடயம். நகையை அடைவு வைத்து அதில் ஏற்றிய ஆட்களின் கதை ஊரில் காதில் விழுகிறது. அந்த இடத்தில் உத்தி பேசுவதில் அர்த்தமில்லை.

மேசைக்குப் போனால்

கொழும்பில் கசினோக்கள் இருக்கின்றன. ஆனால் கிராப்ஸ் வட அமெரிக்காவின் விளையாட்டு, அங்கே போகும்போதுதான் எங்கள் ஆட்களுக்கு இது கண்ணில் படுகிறது. கனடாவில்கூடக் குற்றவியல் சட்டம் 1999இல் திருத்தப்படும் வரை கசினோக்களில் தாயக்கட்டை விளையாட்டுக்கு இடம் இருக்கவில்லை. பிள்ளைகளைப் பார்க்க ஸ்காபரோ போகிறவர்களை மருமகன்மார் நயாகரா அருவி காட்டக் கூட்டிக்கொண்டு போய், இரவானதும் பக்கத்துக் கசினோவுக்குள்ளும் ஒருக்கா எட்டிப் பார்க்கலாம் என்பார்கள். அப்படிப் போகிறவர்களுக்குச் சில விடயங்கள்.

முதலில் மேசையோரம் இருக்கும் பலகையைப் பாருங்கள். ஆகக்குறைந்த பந்தயம், உச்ச வரம்பு, எத்தனை மடங்கு ஒட்ஸ் என்று அதில் போட்டிருக்கும். 25 டொலர் மேசையில் 10 டொலர் மனதோடு நிற்க முடியாது. காசை ஊழியரின் கையில் நீட்டக்கூடாது, மேசையில் வைக்க வேண்டும். அவர் எண்ணிச் சிப்புகள் தருவார். மேசையில் ஒரு வட்டத் தட்டு இருக்கும். அது கறுப்புப் பக்கமாக ஓரத்தில் கிடந்தால் முதல் உருட்டு இன்னும் நடக்கவில்லை, பாஸ் லைனில் வைக்கலாம். வெள்ளைப் பக்கமாக ஓர் எண்ணின் மேல் இருந்தால் அதுதான் பொயின்ற். அந்த நேரத்தில் புதிதாகப் பாஸ் லைனில் வைக்க வேண்டாம்: 7, 11இன் நல்ல பக்கம் முடிந்து, கெட்ட பக்கம் மட்டும் மிச்சம் இருக்கிறது. பொறுக்க முடியாவிட்டால் 'கம்' என்ற கட்டத்தில் வையுங்கள். அடுத்த உருட்டை முதல் உருட்டாகக் கொண்டு தொடங்கும் பாஸ் லைன்தான் அது, அதே 1.41 வீதம்.

உங்கள் முறை வந்தால் கட்டைகளை ஒரே கையால் எடுத்து ஒரே கையால் எறியுங்கள். இரண்டு கையாலும் தொட்டால் ஊழியர் உடனே நிறுத்துவார், ஏமாற்றுக்காரர் கட்டை மாற்றுவது அப்படித்தான் என்பதால். உருட்ட விருப்பமில்லையென்றால் அடுத்தவருக்கு விடலாம், யாரும் குறை நினைக்கமாட்டார்கள். பொயின்ற் விழுந்த பிறகு "செவன்" என்று வாய்விட்டுச் சொல்லாதீர்கள். கணக்கில் அதனால் எதுவும் மாறாது, பக்கத்தில் நிற்பவர் உங்களைப் பார்க்கும் பார்வை மாறும்.

வெளிக்கிடும்போது சிப்புகளை மேசையில் வைத்து "கலர் அப்" என்று சொன்னால், சில்லறைச் சிப்புகளை எடுத்துக்கொண்டு பெரிய சிப்புகளாகத் தருவார்கள். அந்த மேசையில் அவற்றைக் காசாக்க முடியாது. காசாளர் யன்னல் வேறு இடத்தில், அங்கே போகும் வழியில் சிலொட் இயந்திரங்கள் வரிசையாக நிற்கும்.